இரண்டு பக்கமும் பார்த்தவள்

பியூலாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது முனீஸ்வரிக்கு அவளைப் பற்றி எந்தக் கவலையும் இருக்கவில்லை. ராஜபாளையத்தில் சமுத்திரம் என்பவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் முனீஸ்வரி பல வருடமாக வேலை பார்க்கிறாள். கவலைப்பட வைக்கிற ஆட்களை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாள். அவர்கள் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொள்வார்கள். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிப்பார்கள். பிரேக் எங்கே என்று கேட்பதற்கு முன் ஹார்ன் எங்கே என்று பார்ப்பார்கள்.

பியூலா அப்படி இல்லை. நாற்பதைத் தாண்டியவள். பெல்ட்டை மாட்டி, கண்ணாடிகளைச் சரிசெய்து, கொஞ்சம் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள். ஒன்றை இரண்டாம் தடவை சொல்ல வைக்க மாட்டாள். அவள் கணவர் ஜோயல் ராணுவத்தில் இருந்தார். போன விடுமுறைக்கு வந்தவர் ஒரு சாம்பல் நிறக் காரை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பியூலாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு யூனிபார்ம் துணிக்கடை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் துணிக்கட்டுகளோடு இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைந்து சலித்துப்போய்த்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள்.

முதல் தடவை அது நடந்தது ஒரு சந்திலிருந்து தென்காசி ரோட்டில் ஏறும்போது. பியூலா வண்டியை நிறுத்தி, சொல்லிக்கொடுத்தபடி வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி வலது பக்கம் பார்த்தாள். பிறகு கிளட்சை மெதுவாக விட்டாள். முனீஸ்வரியின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் ஓங்கி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. பானெட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஒரு பைக் கடந்து போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

“எங்கெருந்து வந்தான் இவன்?” என்றாள் பியூலா.

அந்த பைக் எங்கிருந்தும் திடீரென்று முளைத்து வரவில்லை. நேர் ரோட்டில், வெயிலில், மறைப்பு ஏதுமில்லாமல் வந்துகொண்டிருந்தது. பியூலாவின் தலை திரும்பிய திசையிலேயே அது இருந்தது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இப்படி ஆகும் என்று முனீஸ்வரி அதைப் பெரிதுபடுத்தவில்லை. பயப்படாமல் மறுபடி எடுக்கச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அதே மாதிரி நடந்தது. அதன்பின் பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது. ஒவ்வொரு தடவையும் பியூலா நின்றாள், பார்த்தாள், அவசரப்படாமல் கிளம்பினாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டாள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் காருக்கும் அவள் தவறியதே இல்லை. தூரத்தில் லோடு ஆட்டோ வந்தால்கூடப் பொறுமையாக நிற்பாள். இரண்டு சக்கர வண்டி மட்டும் அவள் பார்வையில் விழவில்லை.

முனீஸ்வரி ஒரு நாள் காரை ஓரம் கட்டச் சொல்லி, இப்போது நம்மைக் கடந்து என்னென்ன போயின என்று கேட்டாள். பியூலா யோசித்து, ஒரு பஸ், ஒரு டிராக்டர், ஒரு வெள்ளைக் கார் என்றாள். டிராக்டரில் கரும்பு ஏற்றியிருந்ததையும் சொன்னாள். அதற்கு நடுவே பைக்குகளும் ஸ்கூட்டிகளும் வரிசையாகப் போயிருந்தன. மில் ஷிப்ட் விட்ட நேரம் அது. ஒன்றையும் அவள் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் முனீஸ்வரியின் வீடு. தினமும் ஸ்கூட்டியில்தான் வேலைக்கு வந்துபோவாள். அன்று போகிற வழியெல்லாம் இதையே யோசித்தாள். தன்னிடம் படித்துப் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். பைக் ஓட்டிப் பழகிவிட்டுக் காருக்கு வந்தவர்கள் இப்படிச் செய்ததில்லை. அவர்களுக்கு பைக் எங்கே ஒளியும், எந்தச் சந்தில் நுழையும் என்பது உடம்பிலேயே இருந்தது. நேராகக் காருக்கு வந்தவர்களில்தான் இது அதிகம். பியூலா பைக்கின் பின்னால்கூட உட்கார்ந்ததில்லை. அவள் அப்பா ஆபத்து என்று விட்டதில்லை, ஜோயலும் வற்புறுத்தியதில்லை. தன்னை இடிக்கக்கூடியது எது என்று அவள் கண் தேடியது. தன்னால் இடிபடக்கூடியது அந்தத் தேடலில் வரவே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற இரும்புத் தூண் ஒரு பைக்கையும் அதன் மேல் இருக்கிற ஆளையும் முழுசாக மறைத்துவிடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். முனீஸ்வரி அதைத் தானாகவே செய்வாள். ஆனால் அதை யாருக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மறுநாள் சமுத்திரத்திடம் போய், பியூலாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தம்மா ரிவர்ஸ் நன்றாக எடுக்கிறார்களா, மேட்டில் வண்டி பின்னால் போகாமல் எடுக்கிறார்களா, கை சிக்னல் தெரிகிறதா என்று கேட்டார். எல்லாம் தெரியும் என்றாள் முனீஸ்வரி.

“பொறவு என்ன? டெஸ்ட்ல அதத்தான பாக்கப் போறாவ” என்றார் அவர். “ரோட்டுல ஒரு வருசம் ஓட்டுனா எல்லாம் தன்னால வந்துரும். நீ ஏன் கெடந்து பயப்படுத?”

அந்த ஒரு வருடத்தில் எதிரே வருகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று முனீஸ்வரி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தாள்.

பியூலா டெஸ்ட்டில் ஒரு குறையும் இல்லாமல் தேறினாள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டரே, இம்புட்டு நிதானமா யாரும் ஓட்டுறதில்ல என்று பாராட்டினார். அன்று சாயங்காலம் அவள் முனீஸ்வரியின் மகளுக்கு ஒரு செட் யூனிபார்ம் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். முனீஸ்வரி அதை வாங்கிக்கொண்டு, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்காதிய. ஒங்க கண்ணுக்கு பைக்கு தெரியல. ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சதும் வாங்க. நான் ஒங்க வண்டியிலேயே கூட வாரேன். கொஞ்ச நாளு அது மட்டும் பழகுவோம்.”

பியூலாவின் முகம் லேசாக வாடியது. தான் முப்பதுக்கு மேல் போவதே இல்லை என்றாள். எப்போதும் இரண்டு பக்கமும் பார்க்கிறேன்தானே என்றாள். முனீஸ்வரி, வேகம் இல்லக்கா விசயம் என்று ஆரம்பித்தாள். அதற்குள் கடையிலிருந்து போன் வந்துவிட்டது. சரி முனீஸ், வாரேன் என்று சொல்லிவிட்டு பியூலா போனாள்.

வரவில்லை. மே மாதக் கடைசி. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு ஞாயிறு சரக்கு வந்தது. இன்னொரு ஞாயிறு ஜோயல் வீடியோ காலில் வந்தார்.

முனீஸ்வரிக்கு, தினமும் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருகிற மதுரை ரோடு மெதுவாக வேறு ரோடாகிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் குறுக்குச் சந்தில் ஒரு கார் நின்றால், ஓட்டுகிறவரின் முகம் தன் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். திரும்பியிருந்தால் போதும், தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நம்பிப் போய்விடுவாள். ரோட்டில் போகிற எல்லோரும் அதை நம்பித்தான் போகிறார்கள். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது. ஒவ்வொரு முகமும் அவள் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு கண்ணும் அவள் மேல் விழுந்து நகர்ந்தது. அதில் எது பார்த்த கண், எது பார்க்காத கண் என்று வெளியிலிருந்து சொல்ல எந்த அடையாளமும் இல்லை. டாக்டர் காரிலும் கல்யாண வண்டியிலும் போலீஸ் ஜீப்பிலும் அவள் பியூலாவின் பார்வையையே கண்டாள்.

அவள் கணவன் விக்னேஸ்வரன் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர். அவனும் அதே ரோட்டில்தான் பைக்கில் போய்வருவான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் சொன்னான். மில்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சாம்பல் கலர் கார் அவனைப் பார்த்துக்கொண்டே வந்து குறுக்கே விழுந்ததாம். பொம்பள ஓட்டுனாங்க, என்னைய நல்லாப் பாத்தாங்க, எனக்கு வழி விடுதாங்கன்னு நெனச்சேன் என்றான். காலை ஊன்றி, மண்ணில் இறக்கித் தப்பித்திருக்கிறான். அவன் செருப்பு அறுந்திருந்தது.

மறுநாள் காலையில் முனீஸ்வரி பியூலாவுக்குப் போன் செய்தாள். அந்த நேரத்தில் அந்த வழியாக வந்தீர்களா என்று கேட்டாள். ஆமாம், வந்தேன் என்றாள் பியூலா. முனீஸ்வரி நடந்ததைச் சொன்னாள்.

“அப்படி ஒண்ணும் நடக்கல முனீஸ்” என்றாள். “நடந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல்லா?”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் முனீஸ்வரிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பியூலா இந்தச் சில வாரங்களில் எத்தனை பேரை மண்ணில் இறக்கிவிட்டிருப்பாள், எத்தனை பேர் அவள் பின்னால் நின்று திட்டியிருப்பார்கள், எதுவுமே அவளுக்குத் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, ஒரு தப்பும் செய்யவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருப்பாள். வருகிற ஞாயிறு கட்டாயம் வரவேண்டும் என்று முனீஸ்வரி கண்டிப்பாகச் சொன்னாள். பியூலா சரி என்றாள். இந்தத் தடவை அவள் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

அந்த ஞாயிறு வருவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

மலையிலிருந்து சாரல் இறங்கியிருந்தது. மழை என்று சொல்ல முடியாது. முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது, ரோடு ஈரமாகிப் பளபளத்தது. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. முனீஸ்வரி வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் இடது பக்கம் ஒரு சந்து உண்டு. உள்ளே யூனிபார்ம் தைக்கிற டெய்லர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தச் சந்து முனையில் சாம்பல் கலர் கார் வந்து நின்றது. வலது இண்டிகேட்டர் மின்னியது. ரோட்டைக் குறுக்கே கடந்து ராஜபாளையம் பக்கம் திரும்ப வேண்டும்.

கார் கண்ணாடிக்குப் பின்னால் பியூலாவின் முகம் தெரிந்தது. அது முனீஸ்வரியின் பக்கம் திரும்பியது. நேராக அவளைப் பார்த்தது. பழகிய முகம், தெரிந்தவர்கள் எதிரே வந்தால் சிரிக்கிற முகம். அது சிரிக்கவில்லை. இடது பக்கம் திரும்பியது, மறுபடி வலது பக்கம் திரும்பியது. அந்த இரண்டாவது பார்வையும் முனீஸ்வரியின் மேல் விழுந்து, அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் ரோட்டுக்குப் போனது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை என்று முனீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அந்த ரோட்டில் அதைத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

பின்னால் ஒரு ஹார்ன் கேட்டது. நடு ரோட்டில் காரணம் இல்லாமல் வேகத்தைக் குறைக்கிற ஸ்கூட்டியைச் சுற்றிக்கொண்டு, வலது பக்கமாக ஒரு பைக் முந்தியது. ஓட்டியவன் முதுகில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. முனீஸ்வரி கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை.

கார் நிதானமாக வெளியே வந்தது.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. பைக் காரின் முன் சக்கரத்துக்கு மேலே போய் மோதியது. அவன் பானெட்டின் மேல் உருண்டு, அந்தப் பக்கம் ரோட்டில் விழுந்தான். சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் டப்பா தெறித்து எதிர்ப்பக்கம் வரைக்கும் உருண்டு போனது. முனீஸ்வரி ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலையில் அடியில்லை, அவன் கண் திறந்திருந்தது. வலது கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அவள் தன் துப்பட்டாவைக் கழற்றி முட்டிக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். பேர் என்ன என்று கேட்டாள். குருசாமி என்றான். ஊர் சுந்தரபாண்டியம் என்றான். வீட்டுக்குச் சொல்லிராதிய, பயந்துருவா என்றான். பிறகு பேசவில்லை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ காரின் கதவைத் திறந்து பியூலாவை இறக்கியிருந்தார்கள். அவள் சாரலில் நனைந்தபடி நின்று, எதிரே நின்றவர்களிடம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரியைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பாத்தேன் முனீஸ். ரெண்டு பக்கமும் பாத்தேன். ரோட்டுல யாருமே இல்ல.”

“நான் இருந்தேன்க்கா” என்றாள் முனீஸ்வரி.

பியூலா அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் ஏதோ உடைந்தது.

கூட்டத்தில் ஒருவர், அந்தம்மா போன் பேசிக்கொண்டே வந்தது என்றார். இன்னொருவர் தானும் பார்த்ததாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதுவே நடந்த கதையாகிவிட்டது. போன் பின் சீட்டில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் கைப்பைக்குள் இருந்தது.

குருசாமியை முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவன் ராஜபாளையத்தில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தவன். நாள் முழுக்க நின்றபடி மூட்டை இறக்குகிற வேலை.

சமுத்திரம் முனீஸ்வரியைக் கூப்பிட்டு, போலீஸ் விசாரித்தால் அந்தம்மாவுக்கு நாம்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று நீயாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டபோது முனீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். பியூலா வேகமாக வரவில்லை, போன் பேசவில்லை, நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள் என்றாள். பார்த்தால் எப்படி இடிப்பாங்க என்று அவர் கேட்டார். பார்த்தாங்க, தெரியல என்றாள். தான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, இந்தக் குறை தனக்கு முன்னாலேயே தெரியும், அதைத் திருத்தாமல் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம் என்பதையும் சொன்னாள். அவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார். அதற்கு வேறு வார்த்தை அவரிடம் இல்லை.

வெளியே வந்தபோது முனீஸ்வரிக்கு மனது லேசாகிவிடவில்லை. அன்று தான் பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் அந்த ஆள் தன்னை முந்தியிருக்க மாட்டான். கார் தன் மேல் வந்திருக்கும். தனக்குத் தெரிந்தது தன்னைக் காப்பாற்றியது, தெரியாதவனை அது காப்பாற்றவில்லை. விக்னேஸ்வரனிடம் இதைச் சொன்னபோது, நீ என்ன பண்ணிருப்ப, சும்மா மனசப் போட்டு ஒழப்பாத என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனாலும் அவளால் அதைத் தாண்டி வர முடியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் குருசாமியின் மனைவி யுவராணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதுதான். முனீஸ்வரி தான் யார் என்று சொன்னாள். துப்பட்டா கட்டியது நீங்கதானா என்று கேட்டு, யுவராணி அவள் கையைத் தொட்டாள். தானேதான் அந்தக் கார்க்காரிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது என்று முனீஸ்வரி சொன்னதும் கையை எடுத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலக்கா” என்றாள் பிறகு. “இம்புட்டுப் பெரிய ஆளு. லைட்டு எரியுது. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். அந்தம்மா தெரியலங்காவ. எப்படி ஒரு மனுசனத் தெரியாமப் போவும்?”

முனீஸ்வரி தனக்குத் தெரிந்த அளவில் சொன்னாள். கண் தேடுகிறதைத்தான் பார்க்கும் என்றாள். பெரிய வண்டியை மட்டும் தேடிப் பழகிய கண்ணுக்குச் சின்ன வண்டி ரோட்டோடு ரோடாகக் கரைந்துவிடும் என்றாள். அந்தத் தூணைப் பற்றிச் சொன்னாள். தலையை அசைக்காமல் பார்த்தால் ஒரு ஆளே அதற்குப் பின்னால் ஒளிந்துவிடுவான் என்றாள். சொல்லச் சொல்ல அது சாக்குப்போக்கு மாதிரி அவளுக்கே கேட்டது. யுவராணி கவனமாகக் கேட்டாள்.

“இது ஒங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?”

“எனக்குத் தெரியும்.”

“அப்போ ஏன்க்கா சொல்லிக்குடுக்கல?” என்றாள் யுவராணி. அவள் கோபமாகக் கேட்கவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து கூப்பிட்ட குரல் கேட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் முனீஸ்வரி சமுத்திரத்திடம் போய், இனிமேல் தான் சொல்கிறபடி சொல்லிக்கொடுக்க விட்டால் இருக்கிறேன், இல்லையென்றால் நின்றுகொள்கிறேன் என்றாள். புதிதாக வருகிற யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் தன் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்வர வேண்டும். ஆம்பளைகளை விக்னேஸ்வரன் லீவு நாளில் கூட்டிப்போவான். அதன்பின் காரில் எதிரே வருகிற ஒவ்வொரு பைக்கையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சந்து முனையில் உடம்பை முன்னால் சாய்த்து, தூணுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அது வராமல் டெஸ்ட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றாள்.

கார் கத்துக்க வாரவங்கள ஸ்கூட்டியில ஏத்துனா சிரிப்பாங்க என்றார் சமுத்திரம். வேறு ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள் என்றார். சிலர் போகத்தான் செய்தார்கள். ரிட்டையர் ஆன போலீஸ்காரர் ஒருவர் சத்தம் போட்டுவிட்டே போனார். ஆனால் சமுத்திரமும் அந்த விபத்துக்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அவர் முனீஸ்வரியைத் தடுக்கவில்லை.

கேஸ் நடந்துகொண்டிருந்தது. பியூலாவின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜோயல் அவசர லீவில் வந்து, மதுரைக்குப் போய் யுவராணியைப் பார்த்துவிட்டு வந்தார். காரின் நெளிந்த பாகத்தைச் சரிசெய்யாமல் தார்ப்பாயால் மூடிவைத்தார். குருசாமிக்குச் செயற்கைக் கால் பொருத்திப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோயலிடம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மூன்றாம் தடவை போனபோது உட்காரச் சொன்னான், அவ்வளவுதான்.

புரட்டாசியில் ஒரு காலை பியூலா டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றாள். நடந்தே வந்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

“நான் இனிமே ஓட்டப் போறதில்ல முனீஸ்” என்றாள். “ஆனா நான் எதப் பாக்கலங்கறத எனக்குப் பாக்கணும். என்னையும் கூட்டிட்டுப் போ.”

முனீஸ்வரி இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, தாடையில் வாரை இழுத்துவிட்டாள். பியூலாவுக்குப் பின் சீட்டில் எப்படி ஏறுவது என்றே தெரியவில்லை. ஏறியதும் முனீஸ்வரியின் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மில்லைக் கடந்ததும் ஒரு லாரி உரசுகிற மாதிரிப் போனது. அந்தக் காற்றில் ஸ்கூட்டி ஒரு ஓரமாகத் தள்ளாடியது. பியூலாவின் நெற்றி முனீஸ்வரியின் முதுகில் முட்டியது. அவள் வாய்க்குள் ஜெபம் பண்ணுவது முனீஸ்வரிக்குக் கேட்டது. ஒவ்வொரு சந்து முனையிலும் ஒரு வண்டி நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் இருந்தது. முனீஸ்வரி முதலில் கண்ணாடியில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள், பிறகுதான் வேகத்தைக் குறைத்தாள். அப்போதும் பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

டெய்லர் சந்து வந்தது. அங்கே ஒரு வெள்ளைக் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ஓட்டியவர் கண்ணாடி போட்ட வயதான மனிதர். அவர் முகம் இவர்கள் பக்கம் திரும்பியது. பியூலாவின் விரல்கள் முனீஸ்வரியின் வயிற்றில் அழுந்தின.

“பாக்காரா?” என்று கேட்டாள்.

“தெரியலக்கா” என்றாள் முனீஸ்வரி.

அவர் பார்த்தார். நின்றார். அவர்கள் கடந்து போனார்கள். அதற்கு அடுத்த சந்தில் ஒருவர் நிற்கவில்லை. முனீஸ்வரி ஏற்கெனவே குறைத்திருந்ததால் ஓரமாக ஒதுங்க முடிந்தது. கார் அவர்களுக்கு முன்னால் ஏறி, ஒன்றும் நடக்காதது மாதிரி நேராகப் போனது. பின்னால் பியூலா சத்தமில்லாமல் அழுதாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி இருவரும் டீ குடித்தார்கள். ராஜபாளையம் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. வேணும்னா பஸ்ஸில போங்கக்கா, நான் தனியாப் போய்க்கிடுதேன் என்றாள் முனீஸ்வரி. பியூலா பஸ்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, வாரைத் தானே மாட்டிக்கொள்ள முயன்றாள். வரவில்லை. முனீஸ்வரி மாட்டிவிட்டாள். மில்லில் ராத்திரி ஷிப்ட் விடுகிற நேரம் ஆகியிருந்தது. ரோடு முழுக்க பைக்குகள். அவர்கள் அதற்குள் போனார்கள்.